துணிக்கு வந்த காய்ச்சல்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் விசாரணைக் கமிட்டி கேட்டபடி நடந்ததைக் கையாலேயே எழுதித் தருகிறேன்.

உப்பளம் ஜான்-பத்திஸ்த் ஐயாவை உங்களுக்குத் தெரியும். பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர். நம் கல்லூரிப் பிரெஞ்சுத் துறைக் கண்காட்சிக்குத் தன் வீட்டுப் பழைய கடிதம் ஒன்றைக் கொடுத்தவர். அவருடைய மூதாதை இங்கிருந்து நீலத் துணியை ஆப்பிரிக்கக் கரைக்குக் கப்பலேற்றியவர். அந்தத் துணியை வைத்து என்ன வாங்கினோம் என்று கப்பல் தலைவன் அவருக்கு எழுதிய கடிதம் அது.

"தம்பி, எனக்கு வர்றது பட்டாளத்து பிரெஞ்சு. இந்தக் கோழிக் கிறுக்கல் ஒண்ணும் வெளங்கல. நம்ம தாத்தா என்னாத்த சாதிச்சாருன்னு நல்ல தமிழ்ல எழுதுடா. சொந்தக்காரங்கல்லாம் வராங்க."

"எழுதிடறேன் முசியே."

முதல் தப்பு உண்மையிலேயே தப்புதான். 'இருநூற்றுப் பன்னிரண்டு பியேஸ் தாந்த் ஏற்றினோம்' என்று இருந்தது. இந்தியப் பீஸ். ஜாக்கெட் பீஸ் என்று கேட்டு வளர்ந்த ஊர்க்காரன் வேறு என்ன நினைப்பான்? 'இந்தியத் துணிகள்' என்று எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு பீஸுக்குக் காய்ச்சல் வந்தது.

துணிக்குக் காய்ச்சல் வராது. அகராதியைப் பார்த்தேன். நல்ல உடற்கட்டுள்ள ஓர் அடிமைக்கு அந்த வியாபாரிகள் வைத்திருந்த அளவுப் பெயராம். துணியைக் கொடுத்து ஆளை வாங்கி, ஆளையே பீஸ் என்று எழுதி, அட்லாண்டிக்கைக் கடந்து, பிரெஞ்சுக்காரர்களின் குவாதலூப் தீவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

திருத்தியிருக்கலாம். ஆனால் அடித்தல் இல்லாமல் இரண்டு பக்கம் எழுதியாகிவிட்டது, மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். ஆகவே காய்ச்சலை 'ஈரம்' ஆக்கினேன். சங்கிலி உரசிப் புண்ணானவற்றை 'ஓரம் நைந்தவை' என்றேன். குடிநீர் குறைந்ததால் உயிரோடு கடலில் தள்ளப்பட்ட முப்பத்தொன்றை 'கழிக்கப்பட்டவை' என்றேன். ஒரு பீஸ் நடுக்கடலில் பிள்ளை பெற்றிருந்தது. அதுதான் கொஞ்சம் படுத்தியது. 'ஒன்றிலிருந்து சிறு துண்டு தனியானது' என்று முடித்தேன். அந்த வாக்கியத்தில் இன்றைக்கும் கை வைக்க முடியாது. மொழிபெயர்ப்புக்கு முதல் பரிசு கொடுத்தீர்கள். எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

ஜனவரியில் ஐயா வீட்டுக்கு லோரா என்று ஒருவர் வந்தார்; நானும் அங்கே இருந்தேன். குவாதலூப்பில் பள்ளி ஆசிரியை. துறை இணையத்தில் போட்ட கண்காட்சிப் படத்தில் கப்பலின் பெயரைப் பார்த்து வந்திருக்கிறார். அந்தக் கப்பலில் பிறந்த பிள்ளையின் வழிவந்த குடும்பமாம்.

"பிள்ளைக்குப் பாதிரியார் வைத்த பேர் எங்களிடம் இருக்கிறது. அம்மாவின் பேர்தான் இல்லை. என் பாட்டியும் தேடினார், அம்மாவும் தேடினார்" என்றார் பிரெஞ்சில்.

ஜான்-பத்திஸ்த் என் பக்கம் திரும்பினார். "அய்ய, அதுல ஏதுடா ஆளுங்க? எல்லாம் துணிதானே. எடுத்தாந்து காட்டிடு, பாவம், பாத்துட்டுப் போவட்டும்."

"பொங்கல் முடிஞ்சி எடுத்தாறேன் முசியே."

கண்காட்சி முடிந்ததிலிருந்து கடிதம் மூலக்குளத்தில் என் வீட்டில்தான் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டில் பிள்ளை பெற்றவளின் பேரை மட்டும் கப்பல் தலைவன் குறித்திருந்தான். லோரா அதைப் படித்தால், என் மொழிபெயர்ப்பையும் படித்துக் காட்டச் சொல்வார். பரிசு வாங்கிய ஒரு வேலையை எங்கிருந்தோ வந்தவர் குறை சொல்வதற்கு நான் ஏன் இடம் கொடுக்க வேண்டும்?

மறுநாள் போகி. பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி அக்கா கிழிந்த பாயை நெருப்பில் போட்டுக்கொண்டே, "இன்னாடா, பரீட்சைக்கு முன்னாடியே புக்க எரிக்கிற?" என்றாள்.

"பழைய பேப்பர்க்கா" என்றேன். பொய் இல்லை.

கரையான் அரித்துவிட்டது என்று லோராவிடம் சொன்னேன். அவர் விடவில்லை. நான்கு முறை வந்தார். "படித்தவர் நீங்கள் ஒருவர்தான். அந்த ஒரு பேர் கண்ணில் பட்டதா?" என்று திரும்பத் திரும்ப அதே கேள்வி. ஒரு மனிதனுக்குப் பொறுமை எவ்வளவு இருக்கும்? ஞாபகமில்லை என்றேன். கல்லூரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். போகிற வருகிறவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. மூன்றெழுத்துப் பேர்.

கடிதத்தை எரித்தவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணின் கடைசி அடையாளத்தையும் அழித்தேன் என்று உங்கள் நோட்டீஸில் எழுதியிருப்பது அநியாயம். அவள் என்னிடம்தான் இருக்கிறாள். யாரிடம் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். இவ்வளவு அக்கறையாக அவளை வேறு யாரும் வைத்திருந்ததில்லை.