ஆளில்லாமல் ஓடிய மினி பைக்

என் பெயர் அருணாதேவி, வயது 36, கணவர் பெயர் சகாதேவன், குடியிருப்பது வேங்கிக்கால். கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காவல் நிலையத்தில் ஏட்டையா கேட்க, இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகள் இனியா, வயது 10, பேட்டரியில் ஓடும் மினி பைக் பழகுகிறாள். அது மண் தடத்தில் சிறுவர்கள் ஓட்டும் வண்டி, ரோட்டில் ஓட்டக் கூடாது, நாங்களும் விட்டதில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் கடலை பிடுங்கிய நிலத்தில் தடம் போட்டிருக்கிறார்கள். அங்கே சின்ன யானை வேனில் ஏற்றித்தான் கொண்டுபோவோம். வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முதல் போட்டி. அதற்காக வாங்கிய புது வண்டியைப் பூஜை போடாமல் தொடக் கூடாது என்று சொன்னவள் நான்தான்.

காலையில் எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் வாசலில் வண்டியை இறக்கினோம். சந்தனம், குங்குமம் வைத்த பிறகு ஹேண்டிலில் மாலை கட்டினேன். நான் எதைக் கட்டினாலும் இறுக்கித்தான் கட்டுவேன். வலதுகைப் பிடியில் நாரைச் சுற்றி, என் பக்கமாகத் திருகி இழுத்து முடிச்சுப் போட்டேன். அந்தப் பிடிதான் ஆக்சிலேட்டர் என்பது அப்போது நினைப்பில் இல்லை. அதன் பிறகு குருக்கள் எலுமிச்சம்பழங்களைக் கையில் எடுத்துக்கொண்டு, "வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்கம்மா" என்றார். சாவியைத் திருகினேன். சத்தமே வரவில்லை, இந்த வண்டிக்குச் சத்தம் கிடையாது. மறுபடி திருகப் போவதற்குள் வண்டி என் கையை உதறிக்கொண்டு மாலையோடு கிளம்பிவிட்டது. பழம் குருக்கள் கையிலேயே நின்றது.

அதன் பிறகு வண்டி ரோட்டைத் தாண்டி, கண்ணாயிரம் என்பவரின் இளநீர்க் குவியலில் மோதி விழுந்தது. காய்கள் உருண்டன, யாருக்கும் காயமில்லை. மேற்படி கண்ணாயிரம் அந்தப் பக்கம் திரும்பி நின்று காய் சீவிக்கொண்டிருந்தார். திரும்பியபோது விழுந்து கிடந்த வண்டியும், பின்னாலேயே ஓடிவந்த இனியாவும்தான் கண்ணில் பட்டிருக்கிறது. சின்னப் பிள்ளையை ரோட்டில் ஓட்டவிட்டதாகப் புகார் கொடுத்தார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்ததும், ஞாயிற்றுக்கிழமை போச்சே என்று நானும் இனியாவும் பின்னாலேயே வந்துவிட்டோம்.

ஏட்டையா, "ஆளே இல்லாம வண்டி எப்படிம்மா ஓடும்? எனக்கே காது குத்துறீங்களா?" என்றார்.

இனியா வெறுங்காலைக் காட்டி, "கோயில்னு ஷூவக் கழட்டிட்டேன் சார். ஷூ போடாம ஏறினா கோச் திட்டுவாங்க" என்றாள். அவர் நம்பவில்லை. காலையில் செய்ததை அப்படியே செய்து காட்டுங்கள் என்று ஸ்டேஷன் முற்றத்தில் வண்டியை நிறுத்தினார்.

மாலையை அதே மாதிரி இறுக்கிக் கட்டினேன். அதன் பிறகு, குருக்கள் திருப்பிக் கொடுத்த பழங்களைப் பையிலிருந்து எடுத்துச் சக்கரங்களுக்கு முன்னால் வைத்தேன். இது எதற்கு என்றார். அப்படியே என்றால் அப்படியேதான் என்றேன். காலையில் பழம் வைக்கும் முன்பே வண்டி கிளம்பிவிட்டது, அதை நான் அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு ஏட்டையா ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு அவரே சாவியைத் திருகினார். வண்டி இரண்டு பழத்தையும் நசுக்கிக்கொண்டு ஓடியது. அவரும் சீட்டை விடாமல் கூடவே ஓடினார், தொப்பி கீழே விழுந்தது. தண்ணீர் டிரம்மில் இடித்த பிறகுதான் இருவரும் நின்றார்கள்.

முதலில் சிரித்தது, புகார் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றிருந்த கண்ணாயிரம். "நான்தான் தப்பா சொல்லிட்டேன் சார். பாப்பா மேல தப்பு இல்ல, காயும் உடையல. கேஸ் வேணாம்" என்றார். ஏட்டையா வண்டியை எடுத்துப் போகலாம் என்றார், மாலையை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். கோயிலில் பாதியில் நின்ற பூஜை ஸ்டேஷனில் நல்லபடியாக முடிந்தது, எனக்கு இனி ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கவலையில்லை.

தொப்பி விழுந்ததை எழுத வேண்டாம் என்று ஏட்டையா கேட்டுக்கொண்டார். ஒன்று விடாமல் சொல்லச் சொன்னவர் அவர்தான். நான் சொன்னதை எழுதிப் படித்துக் காட்டினார்கள், கேட்டேன், தொப்பி உட்பட எல்லாம் சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) ச. அருணாதேவி