கல்லுக்கா நம்பர்?

"உள்ள கல்லு இருந்துச்சுன்னா, கல்லுக்கா நான் நம்பர் சொல்றது?"

மலைமேல் இருக்கும் அரியூர் நாடு பஸ் நிறுத்தத்தில் கேட்டது. சிக்னல் அங்கேதான் கிடைக்கும் என்பதால் கூரியர்காரர் எல்லாரையும் அங்கேயே வரச்சொல்லிவிடுகிறார். கேட்டவர், சந்தைக்குப் போக மிளகு மூட்டையோடு நின்ற ஓர் அம்மா. அவருக்கு வந்திருந்த பெட்டியில் மிக்ஸி படம் போட்டிருந்தது.

"போன்ல வந்த நம்பரச் சொல்லிருங்கக்கா. அப்பறம் தாராளமாப் பிரிச்சுக்கங்க."

"சொன்னா வாங்கிட்டேன்னு ஆயிருமுங்க. அப்பறம் உங்கள எந்தக் கொண்டையூசி வளைவுல போயித் தேடறது? எங்க நாத்தனாருக்குக் குக்கருன்னு சொல்லி ஒடஞ்ச கூரை ஓட்டுத் துண்டுதான் வந்துது."

"அது நான் குடுத்தது இல்லீங்க."

"டேப்பு எதுக்கு ரெண்டு சுத்து சுத்தியிருக்குது?"

"நான் சுத்தலீங்க."

அந்த அம்மா பெட்டியைக் காதருகே தூக்கி ஆட்டிப் பார்த்தார். கூரியர்காரர் அலுத்துப்போய் மூட்டைப் பக்கம் திரும்பினார்.

"மெளகுங்களா? எங்கூட்டுக்கு ரெண்டு கிலோ வேணுமுங்க."

சொல்லிக்கொண்டே குனிந்து மூட்டையின் கயிற்றை அவிழ்க்கப் போனார். அந்த அம்மா முடிச்சின் மேல் கையை வைத்தார்.

"பிரிக்காதீங்க. மொதல்ல வாங்கிட்டேன்னு சொல்லுங்க. அப்பறம் பாத்துக்கலாம்."

"பாக்காம எப்படிங்கக்கா வாங்கறது? அடியில கல்லு கெடந்தா?"

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. பைக் சாவியை எடுத்துப் பெட்டியின் டேப்பைக் கீற ஆரம்பித்தார்.

அந்த அம்மா முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை.