மணமகள் ரயிலின் விளக்கு

கூதிர்க்காலம் எங்கள் ஊருக்கு ஓசையின்றி வரும். ஆற்றோரப் புல்வெளியில் எழும் பனிமூட்டம் முதலில் ஆடுகளை மறைக்கும், பிறகு கல்லறைகளை, இறுதியில் தேவாலயக் கோபுரத்தை. காகங்கள் குரலடங்கும். மரங்கள் உள்ளதையெல்லாம் உதிர்த்துவிட்டு, விசாரணைக்கு வந்தவர்போல் வெறுங்கையோடு நிற்கும். நவம்பரில் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் தேநீர் விரைவில் ஆறிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

என் பெயர் லெப்போல்ட் கார்சைட். தேவாலயப் பணியாளன். மெழுகுவர்த்தி ஏற்றுவதும், பாமாலை எண்களைப் பலகையில் செருகுவதும் என் கடமை. பக்கத்து மண்டபத்தில் கூடி, பொம்மையளவு மாதிரி ரயில்களை ஓட்டும் நம் சங்கத்திலும் உறுப்பினன். சனிக்கிழமை நடந்ததை விபத்தென்று முடிவுசெய்ய இருக்கிறீர்கள். தலைவர் த்வெயிட்டோ, பாலத்தில் தண்டவாளம் பதித்த தம் கைகளையே நொந்துகொண்டு, இனிப் படமே எடுப்பதில்லை என்கிறார். அவர்மேல் பழி தங்கலாகாது. ஆகவே சொல்கிறேன், சங்கக் குழுவினரே.

குளிர்காலந்தோறும் நம் நீராவி எஞ்சின்களை நடிக்கவைத்துப் படம் எடுக்கிறோம். இவ்வாண்டுக் கதை எளியது. ஊர்தோறும் நின்று செல்லும் ஒரு சிறு ரயில், மணமகளை நேரத்தோடு தேவாலயத்தில் சேர்க்க வேண்டும். மணமகள் என் சுண்டுவிரல் உயரம். அவளுக்கு முகம் தீட்டியவன் நான். மாப்பிள்ளைக்கும், பெட்டி நிறைய அமர்ந்த அத்தைமார்க்கும் நானே. கெட்டிலின் ஆவியை ரப்பர் குழாயில் செலுத்தி, பாலமெங்கும் மேகம் சூழச் செய்பவர் தலைவரின் தங்கை ஹெஸ்டர்.

நின்று செல்லும் ரயிலின் எஞ்சினுக்கு முகத்தின் உச்சியில் ஒரே விளக்கு. கீழே இருபுறமும் இரண்டு இருந்தால் அது விரைவு ரயில். த்வெயிட் இரண்டு வைத்திருந்தார். பணிவோடு எடுத்துரைத்தேன், பலமுறை எடுத்துரைத்தேன்.

"யோவ் கார்சைட், கல்யாணத்துக்குப் போற பொண்ணு விளக்கையா எட்டிப் பாத்துக்கிட்டிருப்பா?" என்றார் அவர்.

"அவர விடுண்ணே. சொர்க்கத்துக்குப் போனாலும் உள்ள நுழையாம, வாசல்ல எத்தன விளக்குன்னு எண்ணிக்கிட்டு நிப்பாரு," என்றார் ஹெஸ்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் சொந்த எஞ்சினுக்கு இப்படத்தில் கிடைத்த வேடம், கொட்டகைக்குள் கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்பது. இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

பிழையான விளக்கோடு படம் வெளியானால் காண்பவர் அனைவரும் பொய்யை நம்புவர். நான் வேண்டிக்கொண்டேன், மனம் அமைதியுற்றது. சனிக்கிழமை காலை, சாவி என்னிடம் இருந்தமையால், முதலில் மண்டபத்துக்குள் சென்று, பாலத்து வளைவில் தண்டவாளங்களை இணைக்கும் சிறு தகட்டைக் கழற்றினேன். விழுவோர்க்கு வலிக்கக் கூடாதல்லவா? படப்பிடிப்பு தொடங்குமுன், ஹெஸ்டர் மதிய உணவுக்குக் காய்ச்சி ஆறவைத்திருந்த கஸ்டர்டுப் பாத்திரத்தைப் பாலத்தின் நேர் கீழே நகர்த்திவைத்தேன். என்னைக் கொடியவன் என்பாரும் இவ்வன்பை மறுக்க இயலாது.

ரயில் சுரங்கத்திலிருந்து வெளிப்பட்டது. ஆவி அடர்ந்திருந்ததால் எஞ்சினின் முகம் எனக்குத் தெரியவில்லை. வளைவில் அது சற்றே தலைசாய்த்தது. பிறகு எஞ்சினும், அதன்பின் பெட்டிகளும், வழிபாடு முடிந்து வெளியேறும் பாடகர் குழுபோல் அவசரமின்றி, வரிசை தவறாமல் இறங்கின. மணமகள் கடைசியாக மூழ்கினாள். அவளுக்கு நான் தீட்டியிருந்த புன்னகை மாறவில்லை.

"என் கஸ்டர்டு," என்றார் ஹெஸ்டர், மெதுவாக.

த்வெயிட் மண்டியிட்டு, எஞ்சினைக் கரண்டியால் தூக்கி, தம் கழுத்துப்பட்டையால் அதன் முகத்தைத் துடைத்தார். உச்சியில் ஒரே விளக்கு இருந்தது.

"நீ சொன்னதுதான் சரி கார்சைட். இன்னிக்குக் காலைல வீட்டுலயே மாத்திட்டேன்," என்றார். "படத்துல பாத்து நீ சந்தோஷப்படணும்னுதான் சொல்லாம வெச்சிருந்தேன்." அவர் கண்ணாடியிலும் கஸ்டர்டு இருந்தது, அதை அவர் துடைக்கவில்லை.

நான் குனிந்து உற்றுப் பார்த்தேன். இடம் சரி. ஆனால் விளக்கு வெள்ளை. நம் கதை நடக்கும் பாதையில், அக்காலத்தில், விளக்குகளுக்குச் சிவப்புப் பூச்சு. ஆகவே தகட்டைக் கழற்றியது நான் என்பதும், கழற்றியதில் பிழையில்லை என்பதும் உங்களுக்கு ஒருங்கே விளங்கும்.

நேற்று மாலை வழிபாட்டுக்குப் பின், ஆளில்லாத தேவாலயத்துக்குள் எஞ்சினையும் மணமக்களையும் எடுத்துச் சென்றேன். மணமகளின் காதோரத்துக் கஸ்டர்டைத் துடைத்து, மாப்பிள்ளையின் அருகே பலிபீடத்தின்முன் நிறுத்தினேன். ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அதன் ஒளியில் மண்டியிட்டு, என்னிடமுள்ள மிக மெல்லிய தூரிகையால் அவ்விளக்கைச் சிவப்பாக்கினேன்.

மணமக்களே, அத்தைமாரே, த்வெயிட்டே, கஸ்டர்டு இழந்த ஹெஸ்டரே, உங்கள் வழியெங்கும் கைகாட்டிகள் வழிவிட்டு இறங்கியே இருப்பனவாக. பாலங்கள் உங்களைத் தாங்குவனவாக. உங்களை இழுத்துச் செல்லும் எஞ்சினுக்கு என்றென்றும் சரியான விளக்கே வாய்ப்பதாக. ஆமென்.