நூற்று முப்பதுக்கு எண்பது

உப்பைக் குறைக்கச் சொன்னால் எங்கள் ஊரில் கேட்டுக்கொள்வார்கள். கருவாட்டை விடச் சொன்னால்தான் முகம் மாறும். அச்சங்குளத்தில் முப்பத்திரண்டு வருஷம் சுகாதார நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன், ஐயா. வேல்விழியின் புகாரைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். அவள் எழுதியிருப்பதில் பொய் எதுவும் இல்லை.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேலையில் இருந்தவரை, ‘ஹெப்சிபா அக்கா’ என்று வாசலில் யாராவது நின்றுகொண்டே இருப்பார்கள். 2004இல் ஓய்வுபெற்ற மறுநாளிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சொல்லும் ‘ஆமென்’ தவிர வேறு பேச்சே இல்லாமல் சில வாரங்கள் போயிருக்கின்றன.

வேல்விழியின் அம்மா முருகம்மாள் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவள். புருஷன் இல்லை. மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். அந்த வருஷக் கடைசியில் மூட்டுவலி என்று வந்தவளைத் தினமும் நடக்கச் சொன்னேன். ஒற்றையாக நடக்கக் கூச்சமாக இருக்கிறது என்றாள். அதனால் கம்பெனி வேன் வருவதற்கு முன் இருவரும் கண்மாய்க்கரையில் நடந்தோம். திரும்பி வந்து என் வீட்டில் கேப்பைக்கூழ் குடிப்பாள். சனிக்கிழமைகளில் பிரஷர் பார்த்து அவள் அட்டையில் எழுதுவேன். மூன்று வருஷம். அவள் மூட்டுவலி போயேவிட்டது.

2007 ஆவணியில் ஒரு சனிக்கிழமை நூற்று எழுபதுக்கு நூறு காட்டியது. நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

“கூடியிருந்தாச் சொல்லிருங்க அக்கா. கம்பெனிய விட்டுட்டுத் திருப்பூருக்கே போயிருதேன். வேல்விழி கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கா.”

நூற்று முப்பதுக்கு எண்பது என்றேன். அட்டையிலும் அப்படியே எழுதினேன்.

மாத்திரை போட்டால் இறங்கிவிடக்கூடிய அளவுதான். ஆனால் மாத்திரை என்றால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் மகள். நானே இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். கூழில் உப்பை நிறுத்தினேன். ஊறுகாய், அப்பளம் கூடாது என்றேன். நடையைக் கூட்டினேன். அடுத்தடுத்த வாரங்களில் நூற்று எண்பது, பிறகு நூற்றுத் தொண்ணூற்றைந்து. அட்டையில் மட்டும் ஏறவில்லை.

தீபாவளி சீசனில் அவளுக்குப் பிடரி வலி வந்தது.

“கண்ணு மங்கலாத் தெரியுது அக்கா. ஆசுபத்திரிக்குப் போவமா?”

“வெடிமருந்து நெடி முருகம்மா. சீசன் முடிஞ்சாச் சரியாப்போகும்” என்றேன். பட்டாசு ஊரில் அந்தப் பதிலை யாரும் சந்தேகப்படுவதில்லை.

நான்காம் நாள் கண்மாய்க்கரையில் விழுந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியது. வலது கை தொங்கியது. பார்த்ததும் பக்கவாதம் என்று தெரிந்துவிட்டது. ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று எத்தனையோ கூட்டங்களில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கரையில் போனவர்களைக் கொண்டு அவளை என் வீட்டுக்குத் தூக்கிவரச் செய்தேன். வெறும் மயக்கம்தான் என்று அவர்களை அனுப்பிவிட்டு, உடம்பைத் துடைத்து, சேலை மாற்றிவிட்டேன். விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வைத்தபோது மணி பதினொன்று. ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. அந்த நேரமெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வேல்விழி வந்து அழுதாள். திருப்பூரில் அவளும் புருஷனும் இருப்பது ஒற்றை அறை, இருவரும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். “நீங்க இருக்கீக, அது போதும் எனக்கு” என்று அம்மாவை என்னிடமே விட்டுப் போனாள். போன மாதம் அந்த அட்டையை ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். இப்படி எட்டு வாரமாக ஒரே அளவு யாருக்கும் இருக்காது என்று அவர் சொல்லிவிட்டார்.

நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று சொல்லுங்கள். ஆனால் உள்ளே வந்து ஒருமுறை அவளைப் பாருங்கள். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்கிறேன். முதுகில் ஒரு புண் கிடையாது. மாத்திரை நேரம் தவறுவதில்லை. பேச்சுதான் வரவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். வெளிச்சத்தில் கண் கூசுகிறது போலிருக்கிறது. அதனால் ஜன்னலை அடைத்து வைத்திருக்கிறேன்.