மூன்று நாள் கதவு

— ஒலிவுக்காயோ? எடி ஆதிரை, பெத்த மகன்ர கலியாணத்தை விட்டிட்டு ஒரு தாய் மரத்தில காய் புடுங்கப் போறாவோ?

— அம்மா, கத்தாதேங்கோ. பலகாரப் பையை நசிக்கிறியள்.

— நசியட்டும்! சனிக்கிழமை கலியாணம், இண்டைக்குப் புதன். விசா கிடைச்சுது, டிக்கெட் போட்டாச்சு. ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து வர ஏலாது எண்டு சொல்லுறதோ? நான் கேக்கிறன், மாப்பிளையின்ர தாய் பாலஸ்தீனத்தில இருந்து வாறா எண்டு ஸ்டுட்கார்ட் முழுக்கச் சொல்லி வைச்சிருக்கிறன்.

— இயாத்தின்ர அம்மாவுக்கே ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். வியாழன், வெள்ளி, சனி. மூண்டு நாளைக்குத்தான் இஸ்ரேல் ஆமி கதவு திறக்குமாம்.

— என்ன கதவு?

— எத்தினை தரம் சொல்லுறது? வீடு வேலிக்கு இந்தப் பக்கம், தோட்டம் அந்தப் பக்கம். ஆமி போட்ட வேலி. அதில ஒரு இரும்புக் கதவு. அவங்கள் திறந்தாத்தான் தன்ர மரத்தைத் தொடலாம்.

— அப்ப கூலிக்கு ஆரையும் விடட்டும். தம்பிமார் இருக்கினம் எண்டு இயாத் சொன்னவன்.

— தம்பிமாருக்கு அனுமதி இல்லை. அனுமதிச் சீட்டு அவாவின்ர பேரில மட்டும்தான். அம்பத்தொன்பது வயசில, தனிய, நூற்றிப்பத்து மரம்.

— அடுத்த வருஷம் புடுங்கட்டுமே. காய் எங்க ஓடப்போகுது?

— போன வருஷமும் திறக்கேல்லை, அதுக்கு முந்தின வருஷமும் திறக்கேல்லை. இந்த முறையும் ஆரும் உள்ள போகாட்டில், கைவிட்ட காணி எண்டு எழுதி எடுத்துப்போடுவாங்கள் எண்டு அவாக்குப் பயம்.

— அதெப்பிடி எடுக்கிறது? உறுதி இருக்கெல்லோ?

— இருக்கு. பூட்டன் காலத்து உறுதி.

— பிறகென்ன? முத்திரை குத்தின உறுதி இருக்க எவன் தொடுறது?

— ஊரில எங்கட மயிலிட்டிக் காணிக்கும் உறுதி இருந்ததுதானே. சூட்கேசில வைச்சு மூண்டு நாடு தாண்டிக் கொண்டுவந்தனீங்கள்.

— அதையும் இதையும் ஒண்டாக்காதை.

— அந்தக் காணியில இலங்கை ஆமி எத்தினை வருஷம் இருந்தவன், அம்மா?

— இருபத்தேழு. அந்தக் கதையை விடு. ரிப்பனை இஞ்ச தா.

— கெனாவ், அதேதான். உங்கட காணி எண்டால் கதையை விடவேணும்.

— நான் கெட்டதுக்கோ சொல்லுறன்? தேப்பன் இல்லாத பிள்ளை. தாயும் வராட்டில் மேடையில ஆற்ற கையில உன்னைப் பிடிச்சுக் குடுக்கிறது? ஐயர் கேப்பார். பான் நகரத்தில இருந்து வாற உன்ர மாமி கேக்காமலே எல்லாருக்கும் சொல்லுவா.

— இயாத்தின்ர சிநேகிதன் ஜூலியன் நிப்பான்.

— ஜூலியனோ! வேட்டிக்கு மேல பெல்ட் போடுறவன்.

— கெனாவ். அவிழாது.

— சிரிக்காதை, விசரி.

— நான் சிரிக்கேல்லை, அலுத்துப்போனன். அங்கால இயாத் தாயோட போன், இஞ்சால நீங்கள். வாறது லேசோ? அவைக்கெண்டு ஒரு விமான நிலையம் இல்லை. சோதனைச்சாவடி எல்லாம் தாண்டி, எல்லைப் பாலத்தில நிண்டு, ஜோர்தானுக்குப் போய், அங்க அம்மான் நகரத்தில பிளேன் ஏறித்தான் பிராங்பேர்ட்டுக்கு வரவேணும். ஒருக்கா பாலம் தாண்டினா, மூண்டு நாளைக்குள்ள திரும்பிக் கதவடிக்குப் போக ஏலாது.

— அப்ப காணி?

— காணி போகும். இவ்வளவு நேரமும் அதைத்தான் சொல்லுறன்!

— நூற்றிப்பத்தும் காய்க்கிற மரமோ?

— நூற்றிப்பத்தும்.

— கடவுளே. ஒரு தென்னம்பிள்ளையை எழுப்பி எடுக்கவே என்ன பாடு... சரி, நிக்கட்டும். நிண்டு புடுங்கட்டும். ஐயரோட நான் கதைக்கிறன். ஜூலியனுக்கு நானே வேட்டி கட்டிவிடுறன்.

— உண்மையாவோ?

— ஓம். மாமி கேட்டா, காணி காக்க நிக்கிறா எண்டுவன். யாழ்ப்பாணத்தாளுக்கு அது விளங்கும்.

— இதை ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தா என்ன, அம்மா? மூண்டு நாளா என்ர உயிரை எடுத்துப்போட்டு! பொறுங்கோ, இயாத்துக்கு எடுத்துச் சொல்லுறன்.

— எடுக்காதை. கொஞ்சம் பொறு, பிள்ளை.

— இப்ப என்ன?

— திங்கட்கிழமை நான் இயாத்தின்ர அம்மாவுக்கு ஒண்டு எழுதிப்போட்டன். அந்த மொழிபெயர்க்கிற ஆப்பில.

— என்ன எழுதினீங்கள்?

— நான் கோபத்தில...

— அம்மா. என்ன எழுதினீங்கள்?

— நீங்கள் வராட்டில் கலியாணம் நடக்காது எண்டு.

— ஐயோ. மறுமொழி வந்ததோ?

— இப்பதான் போன் சத்தம் போட்டது. கண்ணாடி இல்லை, நீயே வாசி.

— “சகோதரி சுகன்யாதேவி, நான் பாலத்தைக் கடந்துவிட்டேன். தயவுசெய்து திருமணத்தை நிறுத்திவிடாதீர்கள்.”