அன்டோன் பெயரில் தட்டியவன்

நீ கொண்டுவந்த ஈஸ்டர் ரொட்டி நன்றாக உப்பியிருக்கிறது, அம்மா. அக்ரூட்டைத் தாராளமாகப் போட்டிருக்கிறாய். கடைகளில் இப்போது முதலில் அதைத்தான் குறைக்கிறார்கள். ஆனால் நான் பேசி முடிக்கும்வரை அதை வெட்ட வேண்டாம். முடித்த பிறகு திருப்பி எடுத்துக்கொண்டு போகலாமென்று உனக்குத் தோன்றலாம்.

உன் அப்பா லிவியு சாகும்வரை அன்டோனைத்தான் சபித்தார் என்றாய். அன்டோன் சிறையிலேயே செத்தது கடவுள் கொடுத்த கூலி என்று சொல்வாராம். அன்டோனோடு ஒரே அறையில் கிடந்தவன் நான் என்பதால் என்னைத் தேடி வந்திருக்கிறாய். "அவர்தான் எங்கம்மாவைக் காட்டிக்கொடுத்தாரா, இல்லியா? ஒரே வார்த்தைல சொல்லுங்க பெரியவரே" என்றாய். இல்லை. அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டால் அதுவும் ஒரு பொய்தான். அதனால் மிச்சத்தையும் கேள்.

எங்களுக்கு அடுத்த அறையில் உன் அப்பாவைத் தனியாகப் போட்டிருந்தார்கள். நடுவில் சுவர். வாய் திறந்தால் அடி. அதனால் அந்தச் சிறையில் எல்லோரையும் போல நாங்களும் எண்களால்தான் பேசினோம். எழுத்துகளை ஐந்து வரிசையாக மனதுக்குள் அடுக்கிக்கொள்ள வேண்டும். முதலில் தட்டுவது எத்தனையாவது வரிசை என்று. அடுத்துத் தட்டுவது அந்த வரிசையில் எத்தனையாவது எழுத்து என்று. கேட்பவன் எண்ணி எண்ணி எழுத்தாக்கிக்கொள்வான். பழகிவிட்டால் எண்ணுவதே மறந்துபோகும். பக்கத்தில் உட்கார்ந்து ஆள் பேசுவது போலவே காதில் விழும்.

அன்டோன் புகாரெஸ்டில் டிராம் ஓட்டியவர். கண் விழித்ததும் சுவருக்குப் போய்விடுவார். "டிராம்காரா, இன்னிக்கு சூப்புல என்ன கெடச்சுது?" என்று உன் அப்பா தட்டுவார். "ஒரே ஒரு முட்டைக்கோஸ் எலை. நீச்சல் பழகுது" என்று இவர் திருப்பித் தட்டுவார். நான் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். எப்போதாவது, "வலேரியனும் வணக்கம் சொல்றான்" என்று என்னையும் சேர்த்துக்கொள்வார். உன் அப்பா ஒப்புக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு மறுபடி அவரோடு பேசப் போய்விடுவார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவனின் முகம் தெரியாது. கையை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்போம். அன்டோன் நடுவிரல் முட்டியால் தட்டுவார். பேசி முடித்ததும் உள்ளங்கையால் சுவரை ஒரு தடவு தடவுவார். அந்தத் தடவல் கேட்டால் அது அன்டோன்தான். அதற்குமேல் யாரும் அத்தாட்சி கேட்டதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஈஸ்டருக்கு முன்னால் விடுதலையாக வேண்டியவர். நான் மருந்துக்கடை வைத்திருந்தவன். தேற மாட்டார் என்று இருமலைக் கேட்டே தெரிந்துவிட்டது. இறந்த அன்று காவலர்கள் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையில் உன் அப்பா தட்டினார். "என்னய்யா, இன்னுமா தூக்கம்?"

அவர் போய்விட்டார் என்று சொல்லத்தான் சுவரருகே போனேன், நம்பு. ஆனால் உன் அப்பாவுக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை அது. நடுவிரலை மடக்கி, "தூக்கந்தான்" என்று தட்டி, உள்ளங்கையால் ஒரு தடவு தடவினேன். அந்த ஒரு காலையை மட்டும் இரக்கம் என்றே இன்றும் சொல்வேன்.

அதன் பிறகு தினமும் நான் அன்டோனாக இருந்தேன். டிராம் கதைகளெல்லாம் எனக்கு மனப்பாடம். உன் அப்பா என்னோடு சிரித்தார், என் இருமலை விசாரித்தார். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வாழ்க்கையில் வேறு யாரும் என்னிடம் அவ்வளவு பிரியமாகப் பேசியதில்லை.

ஈஸ்டர் நெருங்கியபோது உன் அப்பாவிடமிருந்து சுவர் வழியாக அந்தச் செய்தி வந்தது. அரசை எதிர்த்து மலையில் ஒளிந்திருந்தவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனதற்காக உன் அம்மாவையும் தேடிக்கொண்டிருந்த சமயம் அது. "வெளிய போனதும் நேரா எங்க ஊருக்குப் போ. ஊருக்கு மேல பழைய ஆட்டுப்பட்டியில ஸ்மரான்டா இருக்கா, கைக்குழந்தையோட. நான் இன்னும் வாயைத் தெறக்கலைன்னு சொல்லு. சீக்கிரமா அங்கேருந்து கெளம்பிடச் சொல்லு." மறுபடியும் தட்டினார். "வலேரியன்கிட்ட மூச்சு விட்டுடாத. அவன் சரியில்லாத ஆளுன்னு நீதானே சொன்ன."

அன்டோன் அப்படிச் சொல்லியிருக்கிறார். நான் தூங்கும்போது, என் தலைமாட்டுச் சுவரில் தட்டியிருக்க வேண்டும். அதுவரை நான் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை. அதனால் அந்தப் பேச்சு அநியாயம் என்று பட்டது. "சொல்ல மாட்டேன்" என்று தட்டினேன், உள்ளங்கையால் தடவினேன். பிறகு கதவருகே போய்க் காவலரைக் கூப்பிட்டேன்.

என்னை யாரும் அடிக்கவில்லை. மிரட்டவும் இல்லை. விசாரணை அதிகாரி கேப்டன் மொரார் முழுவதையும் கேட்டுவிட்டு, "உன்ன யாரு கேட்டா, மருந்துக்கடை?" என்றார். என் முகத்தைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு கம்பளியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். நல்ல கம்பளி. போர்த்திக்கொண்டு தூங்கினேன்.

உன்னை அநாதை விடுதிக்கும் உன் அம்மாவைப் பெண்கள் சிறைக்கும் கொண்டுபோனார்கள். அவள் அங்கிருந்து திரும்பவில்லை. அதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அவளை உன் அப்பா கண்ணில் காட்டிவிட்டு அவரைத் திரும்ப அறையில் தள்ளிய அன்று நடந்தது.  நேராகச் சுவருக்கு வந்து தட்டினார். "ஏன்?"

அப்போதாவது நான் யாரென்று சொல்லியிருக்கலாம். "மன்னிச்சிடு" என்று தட்டினேன். மனதாரத்தான் தட்டினேன், அம்மா. மன்னிப்புக் கேட்டால் பெயர் சொல்ல வேண்டும் அல்லவா. அன்டோன் என்று தட்டி, சுவரை ஒரு தடவு தடவினேன்.

எங்கள் எழுத்தில் அன்டோன் சின்னப் பெயர், வலேரியன் நீளம். அன்று என் விரல் முட்டி வேறு வீங்கியிருந்தது. மற்றபடி வேறு காரணம் எதுவும் இல்லை.