எந்த எண்ணுக்குச் சிவப்பு?

பதினெட்டு ஆண்டுகள் ஊசியோடு பழகிய விரல்களால் இன்று ஒலிபெருக்கியைத் தட்டிச் சரிசெய்து, இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைவி அவர்களே, இடம் போதாமல் வாசலில் நின்று கேட்கும் பெரியோர்களே, வேலை முடிந்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நாளை காலை விசாரணைக்குப் போகவிருக்கும் எங்கள் இஸ்திரி அக்கா அவர்களே, வணக்கம்.

அக்கா செய்த குற்றம் என்ன? நம் தையல் கூடத்தின் மூன்றாம் வரிசையில், தம் இஸ்திரி மேசை அருகே மயங்கி விழுந்தார். உடல் பலவீனம், ஆகவே வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். கூடத்தின் வெப்பத்தைக் கணினியில் கணக்கிட நிர்வாகம் அழைத்து வந்த பெண் நான். அந்தக் கணக்கைத்தான் அவர்கள் நாளை சாட்சியாக வைக்கப்போகிறார்கள்.

கூடத்தை இரண்டு லட்சம் கட்டங்களாகப் பிரித்தேன். கட்டத்துக்கு ஓர் எண். எண்கள், எண்கள், மேலும் எண்கள். மேலாளர் நான்கு பக்கம் புரட்டிவிட்டு, "இத யாரும்மா படிப்பா? கலர்ல காட்டு" என்றார்.

எண்களை வண்ணமாக்கும் மென்பொருளைத் தேடினேன். ஒன்று உரிமம் கேட்டது. ஒன்று என் கோப்பைத் திறக்கவே மறுத்தது. ஒன்று திறந்தது, ஆனால் கூடத்தையே கவிழ்த்துவிட்டது. உங்கள் மேசைகளெல்லாம் கூரையில் தொங்கின. சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். அன்று எனக்கு அழுகைதான் வந்தது. கடைசியில் முகம் தெரியாத யாரோ எழுதி, எல்லோருக்கும் இலவசமாய்க் கொடுத்த ஒன்று கிடைத்தது. படம் விரிந்தது. கூடம் முழுக்க நீலம்.

மேலாளருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஏசி போட்ட மாதிரி இருக்கிறதே என்று கை தட்டினார். நானும் நம்பினேன், தாய்மார்களே. அதை மறைக்க நான் இங்கே வரவில்லை.

பெருமையோடு அக்காவிடம் காட்டினேன். தம் மேசை எது என்று கேட்டார். தொட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"நீலமால்ல இருக்கு. அப்ப நான் குளிர்ல விறைச்சுப்போய் விழுந்தேன்னு எழுதிடும்மா."

அந்த ஒரு சொல் என்னை மறுபடியும் கணினி முன் உட்கார வைத்தது. படத்தின் ஓரத்தில் இருந்த வண்ண அளவுகோலை அப்போதுதான் பார்த்தேன். உச்சியில் நூற்று நாற்பது டிகிரி! அது நீராவிக் குழாயின் வாய். கூடத்திலேயே மிகச் சூடான இடம் அதுதானே? மென்பொருள் தானாகவே அதற்குச் சிவப்பைக் கொடுத்துவிட்டது. குழாயை அளந்த கோலால் மனுஷியை அளந்தால், நாற்பத்து மூன்று டிகிரியில் வேகிற உடம்பும் நீலமாகத்தான் தெரியும். அளவுகோலை இருபத்தைந்திலிருந்து நாற்பத்தைந்துக்கு மாற்றினேன். ஓர் எண்ணைக்கூடத் தொடவில்லை. மூன்றாம் வரிசை, ஆணியடித்து மூடிய சன்னல்களுக்குக் கீழே, முழுக்கச் சிவந்தது.

மேலாளர் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு அன்பாகச் சொன்னார்: "பழைய படத்தையே வைம்மா. அதுல பொய் எதுவும் இல்லையே."

பொய் இல்லைதான். ஒரு பொய் எண்கூட இல்லாமல் ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்க முடியும் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

"வைக்கிறேன் சார். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கிறேன்" என்றேன்.

நாளை விசாரணைக்கு நான் வர வேண்டாம் என்று இன்று மாலையில் நிர்வாகத்திடமிருந்து தகவல் வந்தது. என்ன அக்கா, சத்தமாகச் சொல்லுங்கள். போவேனா என்றா கேட்கிறீர்கள்? போவேன். வாசலிலேயே நிறுத்துவார்களா? நிறுத்தட்டும். இரண்டு படங்களும் இதோ அக்காவின் மடியில் இருக்கின்றன. படிக்க அவருக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

இனி எவர் எந்த வண்ணப்படத்தை உங்கள் முன் விரித்தாலும், வண்ணத்தைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். உச்சியில் எந்த எண்ணை வைத்தீர்கள் என்று கேளுங்கள். யாருக்காக வைத்தீர்கள் என்று கேளுங்கள். குழாய்க்கா, எங்களுக்கா என்று கேளுங்கள்!

பேசிப் பழக்கமில்லாத என்னைப் பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், பேச அழைத்த தலைவிக்கும், என் தவற்றை எனக்கு முன்பே கண்டுகொண்ட அக்காவுக்கும் நன்றி. காலை பத்து மணிக்கு வாசலில் பார்ப்போம். வணக்கம்.